நம்ம வீட்டு மாடி

பேனாவைத் திறக்காமலே அரை மணி நேரம் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்க அவரால் முடியும். மடியில் கேள்வித்தாள், அதன்மேல் மூடிய பேனா, இடது மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். வீட்டுக்காரர்கள் பேசுவார்கள், இவர் "ம்" போடுவார். எதற்காகக் காத்திருக்கிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு சொல்லுக்காகத்தான். "எங்க வீட்ல", "எங்க பக்கம்", "எங்க வழக்கம்" என்று பேசிக்கொண்டே வருகிறவர்கள் ஏதோ ஓர் இடத்தில் "நம்ம" என்று சொல்லிவிடுவார்கள். நம்ம ஆளுங்க, நம்ம பழக்கம். அந்த இடத்தில் அவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்ப்பார். கேள்வித்தாளின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் எத்தனையாவது நிமிஷம் என்று எழுதுவார். அதற்குப் பிறகுதான் இருபத்து மூன்றாவது கேள்வியைக் கேட்பார்.

அந்தக் கேள்வி இது. உங்கள் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதாக இருந்தால், வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்கு விடுவீர்களா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு, சொல்ல விரும்பவில்லை என்றால் மூன்று.

அடையாற்றில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன ஆய்வு நிறுவனம் எங்களுடையது. பல மொழி, பல மதம், பல சாதி அடுத்தடுத்த கதவுகளில் வசிக்கும் ஊர் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது வேலை. மயிலாப்பூர், தேனாம்பேட்டை, தி.நகர் மூன்றிலும் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, சில வருஷங்களுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போவோம். நான் மேற்பார்வையாளர். அவர் களப்பணியாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். வீடுகளில் எல்லோரும் அவரைச் "சென்சஸ் அக்கா" என்பார்கள். "சென்சஸ் இல்லம்மா, இது வேற" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லுவார். யாரும் காதில் வாங்கியதில்லை.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. எல்லாச் சமூகத்திலும் வைக்கிற, எந்தப் பக்கமும் சாயாத பெயர். ஆள் யார், எந்த ஊர், வீட்டில் என்ன மொழி, ஒன்றும் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. மாட வீதியில் "ஆத்துல எத்தனை பேர் இருக்கேள்?" என்பார். வெளியே வந்து ஆட்டோக்காரரிடம், "இன்னாபா, தேனாம்பேட்டை வர்றியா? வெயிலு மண்டையப் பொளக்குது" என்பார். தேனாம்பேட்டைச் சந்தில் இறங்கியதும் உருது. பக்கத்துச் சந்தில் தெலுங்கு. எங்கே போனாலும் அவரை அவர்களில் ஒருத்தராக எடுத்துக்கொள்வார்கள்.

"நடிக்கிறீங்களாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நடிக்கல தம்பி. எதிர்ல இருக்கறவங்க வாயில இருக்கறது எனக்கு ஒட்டிக்குது. சளி மாதிரி."

மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீடு எங்கள் பட்டியலில் உண்டு. கீழே ஒரு மாமியும் மாமாவும், மேலே ஒரு போர்ஷன். நான் அக்காவோடு முதன்முதலாகப் போன வீடு அது. வேலை எப்படி நடக்கிறது என்று மேற்பார்வை செய்யப் போயிருந்தேன். நடுவிலேயே மாமி வாடகைப் பேச்சை எடுத்துவிட்டார்.

"யாரா இருந்தா என்னம்மா? மனுஷா நல்லவாளா இருந்தா போறும். எங்காத்துல அதெல்லாம் பாக்கறதே இல்லை."

இதோ பதில் கிடைத்துவிட்டதே, ஒன்று என்று போட்டுவிட்டு எழுந்திருக்கலாமே என்று எனக்குக் கால் பரபரத்தது. அக்கா பேனாவைத் தொடவில்லை. "முட்டிக்கு என்ன தடவறேள் மாமி?" என்றார். மூட்டுவலி வந்தது, தைலம் வந்தது, வெளிநாட்டில் இருக்கும் பேரன் வந்தான், இரண்டாவது காபி வந்தது. மாமி நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"எதிர் ஃப்ளாட்ல யாரோ புதுசா வந்திருக்கா. ஞாயித்துக்கிழமையானா ஒரு வாசனை. யார்கிட்டப் போய்ச் சொல்றது? நம்மவாளா இருந்தா இந்தத் தொந்தரவே இல்லை பாரு."

அக்கா மணிக்கட்டைத் திருப்பினார். இருபத்திரண்டாவது நிமிஷம். பிறகு கேள்வியைக் கேட்டார்.

"அதான் சொன்னேனேடிம்மா. நம்மவான்னா இன்னிக்கே சாவியக் குடுத்துடுவேன்."

இரண்டு. அந்த மாமி கெட்டவர் இல்லை. நாங்கள் கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வெயில்ல அலையறியே, ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போ" என்றார். அக்கா குடித்தார். அதுதான் எனக்கு உறுத்தியது. தெருவுக்கு வந்ததும் கேட்டேன்.

"அந்த மாமி உங்களை அவங்க ஆளுன்னு நெனச்சுட்டாங்களே. நீங்க இல்லைன்னு சொல்லலையே?"

"ஆமான்னும் சொல்லல. ஃபார்ம்ல நான் யாருன்னு ஒரு கேள்வி இருந்தா காட்டு, பதில் போடறேன்."

அந்த வட்டங்கள் ஆபீஸுக்கு வந்து பட்ட பாடு தனிக்கதை. தாள்களைக் கணினியில் ஏற்றுவதற்கு ஒரு பெண் இருந்தாள். முதலில் அவை காபி டம்ளர் வைத்த கறை என்று நினைத்திருக்கிறாள். உள்ளே எண் இருப்பதைப் பார்த்ததும் வயது என்று முடிவு செய்துவிட்டாள். எழுபது வயது மாமிக்கு இருபத்திரண்டு வயது ஆனது. பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரருக்குப் பதினெட்டு. அந்தச் சுற்றில் மாட வீதி முழுக்கக் காளைகளும் கன்னிகளுமாகி, இத்தனை இளைஞர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்று எங்கள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் வட்டத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுவாரசியம்தான். ஆனா ரிப்போர்ட் இங்கிலீஷ்லதானே? அதுல 'எங்க', 'நம்ம' ரெண்டுக்கும் ஒரே சொல்தானே?" என்றார். அத்தோடு முடிந்தது. ஆனால் அக்கா வட்டம் போடுவதை நிறுத்தவில்லை.

"பாவம் இங்கிலீஷ்காரங்க," என்றார் கேள்விப்பட்டு. "யாரைச் சேத்துக்கிட்டாங்க, யாரை வெளிய விட்டாங்கன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்களோ."

இந்தச் சொல் விவகாரத்தில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தெலுங்கு வீடுகளில் 'மேமு', அதாவது நாங்கள், என்றால் பேனா மூடியிருக்கும்; 'மனம்', அதாவது நாம், என்றால் திறக்கும். தேனாம்பேட்டையில் ஜரிகை வேலை செய்கிற ஒரு குடும்பம், மூன்று தலைமுறையாக அதே சந்தில். அங்கே பெரியவர் என்னிடம் தமிழிலும் அக்காவிடம் உருதுவிலும் பேசுவார். வெளியே வந்ததும் அக்கா எனக்குச் சொல்லுவார்: "புஸ்தகத்து உருதுல இந்த ரெண்டு சொல் கெடையாதும்பாங்க தம்பி. இங்க வீட்டுக்குள்ள பேசறதுல இருக்கு. கேக்கறவங்களையும் சேத்துச் சொன்னா 'அபன்'. பெரியவர் முப்பதாவது நிமிஷம் சொன்னாரு பாத்தியா?" நான் பார்க்கவில்லை. எனக்கு உருது தெரியாது. அந்தப் பெரியவரும் முதலில் யாராக இருந்தாலும் சரி என்றவர்தான், அபனுக்குப் பிறகு இரண்டுக்கு வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பத்துக்குக்கூட யோசித்துத்தான் கொடுப்பாராம். அந்தத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான், உருதுக்காரர்கள் என்றால் யோசனையாம்.

இதையெல்லாம் கேட்டுக்கேட்டு ஒரு மனுஷிக்கு என்ன ஆகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒரு பழக்கத்தை மட்டும் கவனித்திருந்தேன். ஒரு வீட்டில் மற்றவர்களைப் பற்றி ரொம்ப மோசமாகப் பேசிவிட்டால், பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்து வருகிற பஸ்ஸில் ஏறமாட்டார். ஒன்றை விடுவார், இரண்டை விடுவார், மூன்றாவதில் ஏறுவார். காலியாகவே வந்தாலும் விடுவார். கேட்டால், "உக்காரலாம் தம்பி, கால் வலிக்குது" என்பார்.

ஆபீஸில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் எந்த ஆள் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு. டிபன் டப்பாவைப் பார்த்தார்கள், எலுமிச்சை சாதம். பொட்டைப் பார்த்தார்கள், ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. நான் பஸ்ஸை எண்ணினேன். யாரைத் திட்டிய வீட்டுக்குப் பிறகு அதிகப் பஸ் விடுகிறாரோ அவர்களில் ஒருத்தர் என்பது என் கெட்டிக்காரக் கணக்கு. ஒரு பிரயோஜனமும் இல்லை. மயிலாப்பூரிலும் மூன்று, தேனாம்பேட்டையிலும் மூன்று. என் சொந்த ஊர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் தி.நகரில் இருக்கிறார்களே, அவர்கள் வீடு ஒன்றுக்குப் பிறகு ஐந்து. எங்கள் ஆட்கள் அன்று பேசியதைக் கேட்டு எனக்கே பஸ்ஸில் ஏற மனசு வரவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா தென்மாவட்டத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்தவர். கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி சொந்த வீடு, கீழே நாங்கள், மேலே ஒரு மாடிப் போர்ஷன். "கடையில உக்காருல-ன்னா ஊரான் வீட்டு வாசல எண்ணப் போறான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் படிப்பைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் அதில் ஒரு பெருமைதான். நான் இவர்களிலிருந்து தப்பி வந்துவிட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா யாரிடமும் "நம்ம" சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லக் காத்திருப்பவர், தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. உங்க தெரு, உங்க வீடு, உங்க வழக்கம். ஒரே ஒரு விதிவிலக்கு ஆபீஸ். "நம்ம ஆபீஸ் தண்ணி உப்பு கரிக்குது", "நம்ம ஆபீஸ் படிக்கட்டுல ஒரு பல்பு போடச் சொல்லு தம்பி" என்பார். சாவி அவரிடம்தான் இருக்கும். காலையில் முதலில் வந்து திறப்பவர் அவர்தான். அந்தச் சொல்லை நான் அப்போது தனியாகக் கவனித்ததில்லை.

அப்புறம் அவருக்கே வீடு தேட வேண்டி வந்தது. மயிலாப்பூரில் அவர் பல வருஷமாகக் குடியிருந்த பழைய கட்டிடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று மாத அவகாசம். தனியாள். கணவர், பிள்ளை என்று யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. வேலை முடிந்து சாயங்காலம் புரோக்கர்களோடு அலைவார், மறுநாள் காலையில் ஆபீஸைத் திறந்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

"மேடம், நீங்க என்ன ஆளுங்கன்னு சொல்லிட்டா எனக்கு வேலை சுலபம்" என்றாராம் ஒரு புரோக்கர்.

"எனக்கு வேலை சுலபமாக வேணாம்பா, வீடு வேணும். வீட்டுக்காரங்களுக்குத் தெரியணும்னா அவங்களே என்கிட்ட நேரா கேக்கட்டும். சொல்றேன்" என்றாராம் இவர்.

நேராக ஒருத்தரும் கேட்கவில்லை. எந்த ஊர் பக்கம் என்றார்கள். வெஜ்ஜா என்றார்கள். வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போவீங்க என்றார்கள். அப்பா பெயர் என்ன என்றார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

"சொல்லிட்டாத்தான் என்னக்கா?" என்றேன் நானும்.

"நேரா கேட்டா சொல்லுவேன்னுதானே சொல்றேன். கேக்கற வாய்க்கும் கொஞ்சம் கூசணும்ல தம்பி? இருபது வருஷமா நான் வாசல் வாசலா நின்னு எல்லாரையும் கேட்டுட்டேன், எனக்குக் கூசிட்டுத்தான் இருக்கு."

ஒரு சனிக்கிழமை புதுப் புரோக்கர் ஒருவர் அவரை அழைத்துக்கொண்டு போய் நிறுத்தியது மாட வீதி மாமி வீட்டு வாசலில். மாடி காலியாம். மாமிக்கு ஒரே சந்தோஷம். சர்வேயா என்று கேட்டுக் காபி கொடுத்திருக்கிறார். வீடு பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதும் இன்னும் சந்தோஷம். சாவியை எடுத்துக்கொண்டு முட்டி வலியோடு மாடிப்படி ஏறி அறையெல்லாம் திறந்து காட்டியிருக்கிறார். பால்கனியில் நின்று, "நீ வந்தா எனக்கும் ஒரு பேச்சுத்துணை. நம்மவாதானே நீ?" என்று கேட்டிருக்கிறார். அக்கா 'ம்' போடவில்லையாம். மாமாகிட்டக் கேட்டுச் சொல்லி அனுப்பறேன் என்று மாமி கதவைப் பூட்டிவிட்டார்.

"ஒரு 'ம்' போட்டிருந்தா சாவி கையில" என்றேன். எரிச்சலாக இருந்தது.

"அது ஃபார்முக்குப் போட்ட ம். அதைப் போட்டு வீடு வாங்கிட்டு அதுல எப்படித் தூங்கறது?" என்றார். பிறகு, "'நீ யாரு'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். 'நம்மவாதானே'ங்கறது கேள்வியா தம்பி?" என்றார்.

இந்த நேரத்தில்தான் ஆபீஸுக்கு டேப்லெட் வந்தது. கேள்வித்தாள் போயிற்று, அதோடு ஓரமும் போயிற்று. டேப்லெட்டில் ஒரு கேள்விக்குப் பதில் தொடாமல் அடுத்ததற்குப் போக முடியாது. ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் நேரம் என்று கணக்கு வேறு. அக்கா பாதி வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை தூங்கிவிடும். இருபத்து மூன்றாவது கேள்வி நாலாவது நிமிஷத்திலேயே வந்து நிற்கும். நாலாவது நிமிஷத்தில் எவர்தான் இல்லை என்று சொல்லுவார்? ஒன்று, ஒன்று, ஒன்று என்று எல்லா வீட்டிலும் தொட்டுக்கொண்டே வந்தோம்.

அந்தச் சுற்று முடிந்து டைரக்டர் எங்களை உட்காரவைத்துச் சுவரில் படம் காட்டினார். இருபத்து மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றவர்களின் கோடு ஒவ்வொரு சுற்றிலும் தரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது, இந்தத் தடவை நிமிர்ந்து மேலே ஏறியிருந்தது. ஊர் மாறிவிட்டது, சகிப்புத்தன்மை வளர்ந்திருக்கிறது, இதுதான் சமூக மாற்றம் என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அக்கா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஊர்லயா? எனக்கு ஒரு வீடு சொல்லு தம்பி."

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் முகம் முழுக்கக் களைப்பு. நான் யோசிக்கவே இல்லை.

"நம்ம வீட்டு மாடி காலியாத்தான்க்கா இருக்கு. நம்ம வீடு இருக்கறப்போ நீங்க ஏன் தெருத்தெருவா அலையணும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. அப்புறம் பழக்கப்படி மணிக்கட்டைத் திருப்பினார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்றே புரோக்கருக்குப் போன் செய்து இனி வீடு பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். காலி செய்ய ஆறு வாரம் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அதுதான் வினை.

"வரட்டும்ல. தனியாப் பொழைக்கிற பொம்பள, பாவம். அவுக என்ன ஆளுக?"

"தெரியாதுப்பா."

"இத்தன வருசம் கூட வேல பாக்க, தெரியாதுங்கியே. கேட்டுட்டு வா. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்? நாளைக்கி நம்ம ஆளுக நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

யாராக இருந்தால் என்னப்பா, நான்தான் குடிவைக்கிறேன், என் வீடும்தான் இது என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். தினமும் சாப்பிடும்போது, "கேட்டியால?" என்பார். கேக்கேன்ப்பா என்பேன். இப்படி இரண்டு வாரம் போயிற்று.

இந்த இரண்டு வாரத்தில் நான் செய்த கேவலம் ஒன்று உண்டு. ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஆபீஸ் அலமாரியைத் திறந்து அக்காவின் ஃபைலை எடுத்தேன். வேலைக்குச் சேரும்போது அவர் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம், நீல மையில் குண்டு குண்டான கையெழுத்து. சமூகம் என்ற கட்டத்தைத் தேடினேன். என் சாதியோ வேறு ஏதோ ஒரு சாதியோ, ஒரு சொல் இருக்கும், அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது: நேரில் கேட்டால் சொல்லப்படும்.

ஃபைலை வைத்துவிட்டு அலமாரியை மூடினேன். அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. அவரிடமிருந்தே பேச்சோடு பேச்சாக வாங்கிவிடலாம் என்று ஒரு யோசனை தோன்றியது. எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா இந்த வித்தை? சாயங்காலம் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மழையைப் பற்றிப் பேசினேன். தீபாவளிக்கு என்ன பலகாரம் செய்வீங்க என்றேன். எல்லாரும் செய்யறதுதான் என்றார். மீன் விலையைப் பற்றிப் பேசினேன். ஆமாம், விலைதான் என்றார். பிறகு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"சின்ன வயசுல அப்பாகூடப் பொறந்தவங்களை நீங்க எப்படிக்கா கூப்பிடுவீங்க?"

அவர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"ஒன்பதாவது கேள்வி" என்றார்.

"என்னக்கா?"

"பழைய ஃபார்ம்ல ஒன்பதாவது. உறவை என்னன்னு கூப்பிடறாங்கன்னு கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கறது. மனுஷங்களை ஏமாத்தற மாதிரி இருக்குன்னு நான்தானே அதைத் தூக்கச் சொன்னேன்?" கோபம் இல்லை குரலில். மாடிப்படி ஏறி வந்தவர் பேசுகிற மாதிரி இருந்தது. "உனக்கு என்ன தெரியணும் தம்பி?"

இதைவிட விரியத் திறந்து ஒரு கதவை யாரும் எனக்குத் திறந்துவிட முடியாது. நீங்க யாருக்கா என்று கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பார், எழுதியே வைத்திருக்கிறாரே. அல்லது ஒன்றும் தெரிய வேண்டாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு வாங்க என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் வாயில் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்க அப்பாதான்... எங்க வீட்ல கொஞ்சம் பழைய ஆளுங்க, உங்களுக்கே தெரியும். எங்க பக்கத்துல என்னன்னா..."

அவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

நான் பாதியில் நின்றேன். என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. இத்தனை வருஷமும் ஊர்க்காரர்கள் 'எங்க'விலிருந்து 'நம்ம'வுக்கு வந்ததைத்தான் நாங்கள் குறித்துக்கொண்டிருந்தோம். 'நம்ம'விலிருந்து 'எங்க'வுக்குத் திரும்பிப் போன ஆளை நான் பார்த்ததில்லை, அது நானாக இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

"பழக்கதோஷம்" என்று அவரே கையை இறக்கிக்கொண்டார். டீ கிளாஸைப் பலகையில் வைத்தார். "பரவால்ல விடு. இன்னும் நாலு வாரம் இருக்குல்ல, பாத்துக்கறேன்."

"அக்கா, நான் அப்பாகிட்டப் பேசறேன்."

"பேசு" என்றார். எதிரே பஸ் ஸ்டாப்புக்குப் போய் உட்கார்ந்தார். கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏறவேண்டிய பஸ் ஏழு போயிற்று. பிறகு ஆட்கள் குறுக்கே வந்துவிட்டார்கள், எதில் ஏறினார் என்று பார்க்கவில்லை.

அப்பாவிடம் பேசினேன், பேசவில்லை என்று சொல்லமாட்டேன். சத்தமே போட்டேன். ஆனால் அதற்குள் அக்கா தாம்பரத்துக்கும் அந்தப் பக்கம் எங்கோ ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். அங்கிருந்து அடையாற்றுக்கு வரப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு மாதம் அலைந்து பார்த்தார். கால் வீங்கியது. நின்றுகொள்கிறேன் என்று டைரக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் மாடிக்கு அப்பா விரும்பியபடியே நம்ம ஊர் ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் போடுவதில் அப்பாவுக்கும் அவர்களுக்கும் தினமும் சண்டை. நம்ம ஊர் வார்த்தைகளிலேயே திட்டிக்கொள்கிறார்கள். நான் இப்போதும் அதே ஆபீஸில்தான் இருக்கிறேன். அக்கா யார் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. அப்பாவும் பிறகு கேட்கவில்லை.

வேலையில் கடைசி நாளன்று அக்கா வழக்கம்போல் முதலில் வந்து ஆபீஸைத் திறந்திருந்தார். தன் மேஜையைத் துடைத்து வைத்திருந்தார். டேப்லெட்டையும் அடையாள அட்டையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் எழுந்து நின்றேன். ஏதாவது திட்டுவார், இல்லை பரவாயில்லை தம்பி என்று தோளில் தட்டுவார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். கைப்பையில் தேடி ஒரு சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க சார்," என்றார், "உங்க ஆபீஸ் சாவி."

வாங்கிக்கொண்டேன். பல்பு இல்லாத படிக்கட்டில் அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவது கேட்டது. நான் சுவரில் மணி பார்த்தேன். பதினொன்று நாற்பது. குறித்துவைக்க மேஜையில் ஒரு தாள்கூட இல்லை.